ரேடியோ ஒரு வீட்டில், செட்டிங்ஸ் எந்த வீட்டில்?

"மேலே பெட்டியில சிவப்பு விளக்கு எரியுதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்க்கா" என்று போனில் கேட்டேன். அக்கா மாடி ஏறவே இல்லை. "துணி எடுக்கப் போனப்பவே பார்த்தேனே, அரை மணி நேரமா எரியுது. நீ யார்கூடயோ பேசிக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்" என்றாள்.

என் அமெச்சூர் ரேடியோ இருப்பது அக்கா வீட்டு மாடியில். அதை நான் தொலைவிலிருந்து லேப்டாப் வழியே இயக்குகிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் ரேடியோ டிரான்ஸ்மிட்டில், அதாவது காற்றில் அனுப்பிக்கொண்டு, இருக்கிறது என்று பொருள். நான் யாரோடும் பேசவில்லை. என் லேப்டாப் திரையில் 29.600 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம் என்று நின்றது. சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் அசையவில்லை. இந்த அலைவரிசை இருக்கும் பத்து மீட்டர் பேண்ட் செத்துக் கிடப்பது புதிதா என்ன என்று முதலில் விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: எஃப்எம்மில் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் தடுப்பை) திறந்தால் இரைச்சலாவது கொட்ட வேண்டும். அதுகூட இல்லை. ஸ்பீக்கரில் கிணற்றுக்குள் இருப்பது போன்ற நிசப்தம். மென்பொருளோ பச்சை எழுத்தில் 'ரிசீவ்' என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அப்போதெல்லாம் அது பிடிடி (டிரான்ஸ்மிட்டை இயக்கும் பொத்தான்) நிலையை ரேடியோவிடம் கேட்பதே இல்லை. தான் அழுத்தினோமா இல்லையா என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டும். தான் அழுத்தாததால் ரிசீவில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தது.

"கீழே கறுப்பா ஒரு பெட்டி இருக்குமே, பவர் சப்ளை, அந்தச் சுவிட்சை அணைச்சிடு" என்றேன். அணைத்துவிட்டு வந்து, "மேல கையே வைக்க முடியலடா, அப்படிச் சுடுது" என்றாள். 29.600 என்பது உலகம் முழுக்க எஃப்எம்காரர்கள் அழைப்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் இடம். அங்கே நான் அரை மணி நேரம், 100 வாட்டில், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். நல்லவேளையாக பேண்ட் அன்று நிஜமாகவே செத்துத்தான் கிடந்தது என்று பிறகு நண்பர்கள் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

இதில் யாரையும் கைகாட்ட வழியில்லை. அந்த மென்பொருளை எழுதியது நானே. எனக்கும் ஏழெட்டு நண்பர்களுக்குமாக, தொலைவிலிருந்து ரேடியோவை இயக்குவதற்கு எழுதிய சின்ன நிரல். அன்று அது செய்த தவறை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: செட்டிங்ஸ் கோப்பை வேறொரு வீட்டில் போய்த் தேடியது. அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்தப் பதிவு முழுவதும்.

ரூட்டின் வீட்டில் இருந்த கோப்பு

ரேடியோவுக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று. சர்வர் பகுதி அதில் ஓடுகிறது, திரைப் பகுதி என் லேப்டாப்பில். முதன்முதலில் நிறுவியபோது, ரேடியோவையும் கணினியையும் இணைக்கும் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று பிழை வந்தது. பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால் தீர்ந்திருக்கும். அப்போதைய சோம்பலில் முன்னால் ஒரு 'சூடோ' (நிரலை எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' பயனராக ஓட்டும் கட்டளை) போட்டேன். ஓடியது. மூன்று மாதம் குறையில்லாமல் ஓடியது. அன்று காலை திடீரென்று ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தோன்றி, பயனரைக் குழுவில் சேர்த்து, சூடோவை எடுத்துவிட்டு, மறுபடி துவக்கிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டேன்.

மென்பொருள் வழக்கம்போலப் பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் 'டாட் கான்ஃபிக்' கோப்புறையில் தன் கோப்பைத் தேடியிருக்கிறது. மூன்று மாதமாக ஓடியது ரூட் பயனராக. ஆகவே, நான் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங்ஸ் எல்லாம் ரூட்டின் ஹோமில். சில லினக்ஸ்களில் சூடோ போட்டாலும் பழைய பயனரின் ஹோமே தொடரும், அப்போது அவர் வீட்டுக்குள்ளேயே ரூட்டுக்குச் சொந்தமான ஒரு கோப்பு முளைத்து, பிறகு அவராலேயே அதைத் திருத்த முடியாமல் போகும். அது இன்னொரு வகைக் கூத்து. எனக்கு நடந்தது முதல் வகை. கோப்பைக் காணவில்லை. உடனே மென்பொருள், நான் எழுதி வைத்திருந்தபடியே, இயல்பு மதிப்புகளைப் போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலையைத் தொடங்கியது.

தொலைந்த கோப்பில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒன்று, 'ஆர்டிஎஸ் கோட்டைத் தாழ்வாக வை'. ஆர்டிஎஸ், டிடிஆர் என்பவை சீரியல் போர்ட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள். லினக்ஸில் சீரியல் போர்ட் ஒன்றைத் திறந்தாலே டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் உயர்ந்துவிடும். அதை உடனே இறக்குவதற்கான வரி அது. (இறக்கினாலும் ஒரு கணம் உயர்ந்துதான் இறங்கும். அது வேறு தலைவலி.) என் ரேடியோவின் மெனுவிலோ, ஆர்டிஎஸ் உயர்ந்தால் டிரான்ஸ்மிட் என்று எப்போதோ ஒரு டிஜிட்டல் மோடுக்காக வைத்தது அப்படியே கிடந்தது. இன்னொரு வரி, பவரை 20 வாட்டுக்கு மேல் ஏற்றாதே என்பது. இரண்டும் இல்லாத புதுக் கோப்போடு போர்ட் திறக்கப்பட்டது. முந்தைய இரவு நான் விட்டுவைத்த எஃப்எம் மோடில், முழு பவரில், ரேடியோ தானாகக் காற்றில் ஏறிவிட்டது.

கோப்பைச் சரியான ஹோமுக்கு நகர்த்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. செட்டிங்ஸ் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் யோசித்து விடை கண்டதே கிடையாது. 'லினக்ஸில் எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள்' என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே காரணம்.

"அப்பவே சொன்னேன் ஓஎம்"

என் மென்பொருளைப் பயன்படுத்தும் நண்பர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. நான் உரிமம் வாங்குவதற்குப் பல வருடம் முன்பே காற்றில் இருந்தவர். நடந்ததைக் கேட்டதும், "அப்பவே சொன்னேன் ஓஎம், புரோகிராம் பக்கத்துலயே வையுங்கன்னு. நீங்கதான் கேக்கல" என்றார். (ஓஎம் என்பது ரேடியோக்காரர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்.) சொன்னது உண்மை. நிரலும் கோப்பும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம், வெளியிடத்தில் தற்காலிகமாகப் போடும் கள நிலையத்தில் இரவல் லேப்டாப்பில் செருகினால் அப்படியே ஓடும், திரும்பும்போது எந்தத் தடயமும் விடாமல் வந்துவிடலாம். கோப்பு எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம், கண் முன்னே இருக்கும். இதற்கு எதிராகச் சட்டென்று எதுவும் சொல்ல வரவில்லை எனக்கு.

பிறகு அவருக்கே நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அவருடைய பழைய லாகிங் நிரல் (பேசிய தொடர்புகளைப் பதிந்து வைப்பது) ஒன்று 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் தன் ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் கோப்பை எழுதும் வகை. விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் அந்த இடத்தில் சாதாரண நிரல்களை எழுத விடுவதில்லை. ஆனால் பழைய 32 பிட் நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று, அவை எழுதுவதைச் சத்தமில்லாமல் பயனரின் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். நிரல் படிக்கும்போதும் அந்தப் பிரதியையே காட்டும். இவர் என்ன செய்தார்? நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் கோப்பில் சீரியல் போர்ட்டின் எண்ணை, காம் 3 என்பதைக் காம் 5 என்று, மாற்றினார். சேமித்தார். நிரலைத் துவக்கினார். காம் 3. மறுபடி திறந்து பார்த்தார், கோப்பில் காம் 5 என்றுதான் இருந்தது. கணினியை அணைத்துப் போட்டார். காம் 3. போனில் என்னிடம், "கோப்புல ஒண்ணு இருக்கு, இது ஒண்ணு படிக்குது. பேய் புகுந்துடுச்சு ஓஎம்" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து விர்ச்சுவல் ஸ்டோரில் அந்த இன்னொரு கோப்பைக் கண்டுபிடித்தோம். 'கண் முன்னே இருக்கும்' என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தேன். டிஜிட்டல் மோடு நிரலான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் லினக்ஸில் டாட் கான்ஃபிக்கில் ஓர் ஐஎன்ஐ வைக்கிறது, லாக் போன்றவற்றை 'டாட் லோக்கல்' பக்கம் தனியே பிரித்து வைக்கிறது. விண்டோஸில் 'லோக்கல் ஆப் டேட்டா'வில். ரோமிங்கில் வைக்காமல் லோக்கலில் வைத்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்: ரோமிங் என்பது பயனரோடு வேறு கணினிக்கும் பயணம் போகக்கூடிய இடம், இந்தக் கணினியின் காம் 5 அந்தக் கணினிக்குப் போய் என்ன செய்யப் போகிறது? அதே வகையைச் சேர்ந்த எஃப்எல்டிஜி ஹோமிலேயே புள்ளி வைத்த தனி ஃபோல்டர் ஒன்றை வைத்துக்கொள்கிறது. க்யூட்டி என்ற நிரல் நூலகத்தில் எழுதப்படும் நிரல்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்ற பொதுச் செட்டிங்ஸ் கிடங்குக்குள் போய் எழுதும். ரெஜிஸ்ட்ரியில் இருப்பதை நண்பருக்கு அனுப்புவதும், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று ஒப்பிடுவதும் எவ்வளவு சிரமம் என்று உதவி கேட்டு வந்தவர்களுக்குத் தெரியும். பல வகை ரேடியோக்களை இயக்க உதவும் ஹேம்லிப் நூலகத்தின் 'ரிக்சிடிஎல்டி' இன்னொரு ரகம்: எந்த ரிக் (ரேடியோ), எந்த போர்ட், எந்த வேகம் என்று துவக்கும் கட்டளையிலேயே சொல்லிவிட்டால் போதும், 4532 என்ற நெட்வொர்க் போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ் எங்கே என்று கேட்டால், அதைத் துவக்குகிறவரிடம்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் தெளிவு வரவில்லை, குழப்பம்தான் கூடியது. ஒவ்வொன்றும் அதனதன் நிலையில் சரியாகவே இருந்தது. ரேடியோ முன்னால் ஒருவர், அவருக்கு ஒரு கணினி, அதில் ஒரு லாகின் என்று இருக்கும் வரை எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

மானிட்டரில் ஒட்டிய தாள்

தெளிவு வந்தது எங்கள் கிளப் நிலையத்தில். அங்கே ஒரு ரேடியோ, ஓர் ஆம்ப்ளிஃபையர், ஆன்டெனாவைத் திருப்பும் ஒரு ரொட்டேட்டர், ஒரு பழைய கணினி. கணினியில் மூன்று லாகின்கள், ஏனென்றால் மூன்று பேர் தங்கள் லாகையும் ஜன்னல் அடுக்குகளையும் மற்றவர் கலைக்காமல் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அங்கேயும் என் மென்பொருள்தான். ஒரு நாள் யுஎஸ்பி கேபிள் பழுதாகி வேறு அடாப்டர் போட்டார்கள். போர்ட் எண் மாறியது. மாற்றியவர் தன் லாகினில் செட்டிங்ஸைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வந்தவரின் லாகினில் பழைய எண். அந்த எண்ணில் இப்போது ரொட்டேட்டர் உட்கார்ந்திருந்தது. ரேடியோவுக்குப் போக வேண்டிய கட்டளைகள் ரொட்டேட்டருக்குப் போயின. நல்லவேளை, ரொட்டேட்டர் அவற்றைப் புரிந்துகொள்ளாமல் சும்மா இருந்தது. அவரும் எனக்குப் போன் செய்தார். மூன்றாவது ஆளும் செய்தார். ஒரே பிரச்சினைக்கு இரண்டு நாளில் இரண்டு பேருக்கு, ஒரே கணினியில், ஒரே பதிலைச் சொன்னேன்.

வார இறுதியில் நேரில் போனபோது மானிட்டரின் கீழ் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீல மையில்: 'ரிக் - காம் 5, 19200. பிடிடி - கேட் (ஆர்டிஎஸ் வேண்டாம்). ஆம்ப் போட்டால் 35 வாட்டுக்கு மேல் போகாதீர்கள்.' (கேட் என்றால், ஆர்டிஎஸ் கம்பிக்குப் பதிலாகக் கட்டளை அனுப்பி டிரான்ஸ்மிட் செய்வது.) 'வேண்டாம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அந்தத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நான் எழுதாமல் விட்டதை யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள். அதை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். தன் டைரியில் குறித்துக்கொள்ளவில்லை, பையில் வைத்துக்கொள்ளவில்லை. இயந்திரத்தில் ஒட்டியிருக்கிறார்கள், வருகிற எல்லாரும் பார்க்கும்படி. ரேடியோ எந்த போர்ட்டில் இருக்கிறது என்பது யாருடைய விருப்பமும் இல்லை. அந்த மேசையைப் பற்றிய தகவல். என் மென்பொருள் அதைப் போய் மூன்று பேருடைய விருப்பமாகப் பதிந்து வைத்திருந்தது. ரேடியோ ஒன்று, அதைப் பற்றிய விவரம் மூன்று, அதில் இரண்டு பொய்.

வீட்டில் நடந்ததும் இதேதான் என்று அங்கே நின்றபோது புரிந்தது. ரூட்டாக ஓடினாலும் வேறு பயனராக ஓடினாலும் அக்கா வீட்டு மாடியில் இருக்கும் ரேடியோ மாறப் போவதில்லை. அதன் ஆர்டிஎஸ் பழக்கமும் மாறப் போவதில்லை. ஆள் மாறினால் மாறிவிடும் இடத்தில் அந்தத் தகவலை வைத்ததுதான் என் பிழை. சூடோ வெறும் சாக்கு.

பிரித்து வைத்தபோது

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யாருடையது என்று எழுதிப் பார்த்தேன். போர்ட், வேகம், ரிக் மாடல், சிஐ-வி முகவரி (ஐகாம் ரேடியோக்களுக்குக் கட்டளை போய்ச் சேர்வதற்கான எண்), பிடிடி எந்தக் கோட்டில் என்பதெல்லாம் சந்தேகமில்லாமல் நிலையத்துடையது. எழுத்தளவு, வாட்டர்ஃபால் (சிக்னல்களைக் காட்டும் ஓடும் படம்) நிறம், சுட்டி உருளையை ஒரு தட்டுத் தட்டினால் எத்தனை ஹெர்ட்ஸ் நகர வேண்டும் என்பதெல்லாம் ஆளுடையவை. அவை என் லேப்டாப்பில் என் ஹோமில் இருக்க வேண்டும், நான் எந்த நிலையத்தோடு இணைந்தாலும் என்னோடு வர வேண்டும். நிலையத்துடையவை லினக்ஸில் 'இடிசி' பக்கமும் விண்டோஸில் 'புரோகிராம் டேட்டா'விலும், அதாவது ரேடியோவோடு கம்பியால் இணைந்திருக்கும் கணினியில், யார் லாகின் செய்தாலும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். இதுவரை சுலபம்.

பவரில் வந்து நின்றேன். இன்று எத்தனை வாட் போட வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் எத்தனைக்கு மேல் போகக் கூடாது என்பது ஆம்ப்ளிஃபையரின் முடிவு. ஒரே எண் என்று நினைத்திருந்தது இரண்டு எண்களாகப் பிரிந்தது. உச்சவரம்பு நிலையத்தின் கோப்பில், அதற்குள் நான் தேர்ந்தெடுப்பது என் கோப்பில். லேப்டாப்பிலிருந்து நான் என்ன கேட்டாலும் சர்வர் அந்த வரம்பைத் தாண்ட விடாது. முன்பு அந்த 20 வாட் வரம்பை லேப்டாப்பிலிருந்தே தளர்த்திவிட முடிந்தது. மென்பொருள் எழுதி இரண்டு வருடம் கழித்து இது உறைக்கிறது.

கடைசியாக நின்ற அலைவரிசை இன்னொரு முரண்டு. அது விருப்பமும் இல்லை, நிலையத்தின் தகவலும் இல்லை, வெறும் நிலவரம். நான் அதையும் அதே கோப்பில், டயல் ஒவ்வொரு முறை நகரும்போதும் எழுதிக்கொண்டிருந்தேன். எஸ்டி கார்டு இதற்கு என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பூஜ்ய பைட்டாகக் கிடக்கும், அதோடு ஆர்டிஎஸ் வரியும் போகும். அலைவரிசையைக் குறித்து வைப்பதற்காக, பாதுகாப்புக்கான வரியைப் பந்தயம் வைத்து ஆடியிருக்கிறேன். லினக்ஸில் ஹோமுக்குள் எதெது எங்கே என்று வகுக்கும் எக்ஸ்டிஜி வரையறையில் இந்த மாதிரி நிலவரத் தகவலுக்கென்று 'ஸ்டேட்' என்ற தனி இடமே 2021-ல் சேர்க்கப்பட்டது. இப்போது நிலவரம் தனிக் கோப்பில். அதுவும் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, பிறகு பெயர் மாற்றும் முறையில். நிலையத்தின் கோப்பை மென்பொருள் தானாகத் தொடுவதே இல்லை.

சொல்லப்போனால், கடைசி அலைவரிசையைச் சேமிக்க வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ரேடியோவுக்கே நினைவு இருக்கிறது. துவக்கும்போது நான் சேமித்ததை அதன்மேல் திணிப்பதைவிட, 'இப்போது எங்கே இருக்கிறாய்' என்று அதைக் கேட்பதுதான் முறை. இடையில் யாராவது நேரில் உட்கார்ந்து டயலைத் திருப்பியிருக்கலாம். ரேடியோவின் மெனுவும் ஒரு செட்டிங்ஸ் கோப்புதான், நாம் படிக்க மறக்கும் கோப்பு. என் விபத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் கோப்பில்தான் இருந்தது.

பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வார்த்தை. உதவி கேட்பவர்களிடம் "உங்க கோப்பை அனுப்புங்க" என்பதுதான் நான் சொல்லும் முதல் வார்த்தை. அனுப்பியவர்கள் எல்லாரும் அதற்குள் இருந்த பாஸ்வேர்டையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள், எனக்கும் அவர்களுக்கும் அது தோன்றவேயில்லை. இப்போது அது உரியவர் மட்டும் படிக்கும் அனுமதியோடு தனிக் கோப்பில்.

ரிக் மாடல் எண்ணிலும் ஒரு கண்ணி இருந்தது. ஹேம்லிப் 3-லிருந்து 4-க்குப் போனபோது எண்கள் மாறின. ஐசி-7300-க்கு 373 என்று இருந்தது 3073 ஆனது. எஃப்டி-817-க்கு 120 என்றிருந்தது 1020. வெறும் எண்ணைக் கோப்பில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு அப்டேட்டில் ரிக் காணாமல் போனது. அதனால் நிலையத்தின் கோப்பில் மாடலின் பெயரையே எழுதுகிறேன், எண்ணை மென்பொருள் தேடிக்கொள்ளட்டும். அதேபோல லினக்ஸில் போர்ட்டுக்கு 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்று எழுதுவதில்லை. செருகும் வரிசை மாறினால் அந்த எண் மாறிவிடும். 'சீரியல், பை-ஐடி' என்ற இடத்தில் அடாப்டரின் சீரியல் எண்ணோடு நீளமாக ஒரு பெயர் கிடைக்கும், அதை எழுதினால் ரொட்டேட்டருக்கு கட்டளை போகாது. மலிவான அடாப்டர்கள் இரண்டு ஒரே சீரியல் எண்ணோடு வந்தால் அதுவும் கைவிடும். அப்போது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் தரும் 'பை-பாத்'தான் கதி.

கோப்பு இல்லையென்றால்

இடத்தை மாற்றியதைவிட இன்னொரு மாற்றம் முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். நிலையத்தின் கோப்பு கிடைக்காவிட்டால் சர்வர் புதிதாக ஒன்றை உருவாக்காது. போர்ட்டைத் திறக்காது. எங்கெங்கே தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை என்று முழுப் பாதைகளையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். திரைப் பகுதிக்கு இயல்பு மதிப்புகள் இருக்கலாம், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் யாருக்கும் எதுவும் சுடாது. டிரான்ஸ்மிட்டரோடு கம்பி போட்டிருக்கும் நிரலுக்கு 'பரவாயில்லை, நானே ஒன்றை வைத்துக்கொள்கிறேன்' என்ற தாராளம் ஆகாது. அமெரிக்காவின் அமெச்சூர் விதிகளில் 97.213 என்று ஒரு பிரிவு இருக்கிறது: தொலைவிலிருந்து இயக்கும் நிலையத்தில் கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால், டிரான்ஸ்மிஷன் 3 நிமிடத்துக்கு மேல் நீடிக்காதபடி ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. என் இணைப்பு பழுதாகவே இல்லை, எல்லாம் பச்சையாக இருந்தது, முப்பது நிமிடம் ஓடியது. அந்த 3 நிமிடக் கணக்கையும் இப்போது சர்வரிலேயே வைத்திருக்கிறேன். பிடிடி நிலையை ரேடியோவிடமே கேட்டு அந்தக் கணக்கு ஓடும். பவர் சப்ளைக்கு தனி ரிலே ஒன்றும் போட்டாயிற்று. அக்கா மாடி ஏறத் தேவையில்லை, துணி எடுக்கத் தவிர.

சர்வர் துவங்கியதும் லாகில் எழுதும் முதல் வரி, எந்தக் கோப்பைப் படித்தேன் என்பது. சுருக்கமில்லாமல் முழுப் பாதை. திரையின் கீழ்ப் பட்டையிலும் அதே வரி. இதை அன்றைக்கே செய்திருந்தால், புதிதாக உருவான கோப்பின் பாதையில் ரூட்டுக்குப் பதிலாக வேறு பெயர் இருப்பதை ஒரு பார்வையில் பிடித்திருப்பேன். நண்பருக்கும் அந்த இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும், அவருடைய நிரலை எழுதியவர் இதைச் செய்திருந்தால்.

நண்பருக்காக ஒரு சமரசமும் செய்தேன். புரோகிராம் பக்கத்தில் நிலையக் கோப்பு ஒன்று இருந்தால், மற்ற எல்லா இடத்தையும் விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். பென் டிரைவில் போகிறவருக்கு அந்த ஃபோல்டர்தான் நிலையம், அதில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. அவர் சந்தோஷமாகப் புதுப் பதிப்பை எடுத்துப் போய் ஒரு கள நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு குறை.

"கீழே நீளமா ஒரு பாதை வருதே ஓஎம், அதை எடுத்துடலாமா? சின்ன ஸ்கிரீன், இடத்தை அடைக்குது."

பார்க்கலாம் சார் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பதிப்பு வெளியாகிவிட்டது. அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.